பீஷான் ஆற்றங்கரையில்

மீனின் தலையைத்தான் முதலில் கடித்தது அந்த நீர்நாய். முள் நொறுங்கும் சத்தம் கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. மீசையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

“அத்தை, அதுக்கு முள்ளு குத்தாதா?” என்றாள் அண்ணன் மகள்.

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்கா, இன்று காலை.

இங்கே முன்பு இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் காலாங் ஆறாக்கினார்கள். அப்புறம் நீர்நாய்கள் தாமாகவே வந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை!

ஊரிலிருந்து வரும் சொந்தங்களை மண்டாய் விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப்போகிறோம். சரி, போகட்டும். என் வீட்டுக்கு வருபவர்களுக்கு முதல் காலை இங்கேதான். டிக்கெட்டும் இல்லை, கூண்டும் இல்லை.

வானம் கறுத்தால் மட்டும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மழையில் ஆறு சட்டென்று பெருகிப் புல்வெளியில் பரவும். அதற்கென்றே கரையைத் தாழ்வாக அமைத்திருக்கிறார்கள்.