ரிமோட்டை வைத்து எவனாவது கேம் ஆடுவானா?

அக்கா பையன் நிண்டெண்டோவின் கேம் கன்சோல் ஸ்விட்ச் 2 வாங்கியிருக்கிறான். அதன் பக்கவாட்டில் இருக்கும் ஜாய்-கான் என்ற கன்ட்ரோலரைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தேய்த்தால் மௌஸ் ஆகிவிடும். பையனுக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. "சோபால உக்காந்து ஆடுறவன் டேபிளுக்கு எங்க மாமா போவான்? தொடைல வச்சுத் தேய்க்கணுமாம்" என்று உதட்டைப் பிதுக்கினான். வாங்கி என் தொடையில் தேய்த்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் அந்த உதட்டுப் பிதுக்கலை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்தால், 2005-ல் என் முகத்தில் இருந்தது அதேதான்.

அந்த வருடம் செப்டம்பர் 16-ம் தேதி, டோக்கியோ கேம் ஷோவில் நிண்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா மேடையேறி ஒரு கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினார். பார்க்க அச்சு அசல் டிவி ரிமோட். கூடவே ஒரு வீடியோவும் போட்டார்கள். அதில் கேம் எதுவுமே தெரியாது. கேமரா ஆடுகிறவர்களைத்தான் காட்டியது: ஒருவர் மீன் பிடிக்கிறார், ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறார், ஒருவர் பல் டாக்டர் மாதிரி எதையோ குடைகிறார். கன்சோலுக்கு வீ என்ற பெயர்கூட அப்போது இல்லை, 'ரெவல்யூஷன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். பிரவுசிங் சென்டரில் அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தோம், கறுப்பு வெள்ளையில், 5 ரூபாய்க்கு. அறையில் அன்று ராத்திரி பெரிய சண்டை. ஒருவன், "சேனல் மாத்துறப்போ மாரியோ குதிப்பானாடா?" என்று ஆரம்பித்து விடியும்வரை நிறுத்தவில்லை. இன்னொருவன் கனவில் இருந்தான்: இந்தப் பக்கம் வாளைச் சுழற்றினால் திரையிலும் அதே மாதிரி சுழலும், மணிக்கட்டைத் திருப்பினால் வாளும் திரும்பும், இனி பழைய கேமெல்லாம் குப்பை. நான் பென்சிலால் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பொத்தான் வேண்டும். இதில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஏ, பின்னால் ஒரு பி. மிச்சமெல்லாம் கீழே எங்கோ கிடக்கின்றன. இது தேறாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பீச்சாங்கைக்காரன். வழக்கமான கன்ட்ரோலரில் நகர்வது இடக்கை, அடிப்பது வலக்கை. அதுதான் இயற்கை என்று நானும் நம்பி வளர்ந்திருந்தேன். 1977-ல் வந்த அட்டாரி 2600-ன் ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள்: குச்சியை ஆட்டுவது வலக்கை, பொத்தான் இடது கட்டைவிரலுக்கு. 1982-ல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் கையடக்க டாங்கி காங் கேமுக்காகச் சிலுவை மாதிரி ஒரு பொத்தானைச் செய்து இடப்பக்கம் வைத்தார். அது அங்கேயே நிலைத்துவிட்டது. ஐந்து வருடத்தில் கை மாறிய ஒன்றைத்தான் நான் இயற்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ரிமோட்டும், அதில் ஒயரால் செருகி இன்னொரு கையில் பிடிக்கும் நன்சக் என்ற குச்சிக் கன்ட்ரோலரும் தனித்தனித் துண்டு. எதை எந்தக் கையிலும் பிடிக்கலாம். எனக்காகவே செய்த மாதிரி ஒரு சாமான் வந்திருக்கிறது, நான் பொத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2007 கடைசியில் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஒரு வீ கொண்டு வந்தார். அடாப்டர் 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காமல் செருகியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். வீ ஸ்போர்ட்ஸில் டென்னிஸ் ஆடினோம். முதல் நாள் எல்லோரும் தோள் கழன்றுவிடும் அளவுக்கு வீசினோம். இரண்டாம் நாள் என் தங்கை சாய்ந்து உட்கார்ந்தபடி, விசிறி ஆட்டுவது போல மணிக்கட்டை மட்டும் சொடுக்கி எல்லோரையும் ஜெயித்தாள். உள்ளே இருந்தது முடுக்கமானி. வேகம் எப்படி மாறுகிறது, கீழ்ப்பக்கம் எது என்பது அதற்குத் தெரியும். கை எந்தப் பக்கம் திரும்பியது என்று சரியாகச் சொல்ல அதற்கு வக்கில்லை. கனவு கண்ட நண்பன் ஊரிலிருந்து வந்து செல்டா என்ற சாகச கேமில் வாளை வீசினான். மேலிருந்து வெட்டினாலும் குறுக்கே வெட்டினாலும் திரையில் அதன் ஹீரோ லிங்க் தன் இஷ்டப்படி வெட்டினான். கை திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப் வைத்த மோஷன்பிளஸ் என்ற ஒட்டுத் துண்டு வர 2009 ஆனது. கேலி செய்தவனைவிட நம்பியவன்தான் அதிகம் ஏமாந்தான்.

செல்டா என்றதும் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். லிங்க் அதுவரை இடக்கைக்காரன், எங்கள் ஆள். பெரும்பாலானவர்கள் ரிமோட்டை வலக்கையில் பிடிப்பார்கள் என்பதற்காக, டுவைலைட் பிரின்சஸ் என்ற அந்த செல்டா கேமின் வீ பதிப்பில் அவனை வலக்கைக்காரனாக்கிவிட்டார்கள். அதற்காக உலகம் மொத்தத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டார்கள், கிழக்கு மேற்காகிவிட்டது.

சரி, பொத்தான் விஷயத்தில் நான் சொன்னது தப்பில்லை. 2008-ல் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்ற சண்டை கேம் வந்தபோது ஆட்டத்தை ஆட்டமாக ஆடியவர்கள் வீக்கு முந்தைய நிண்டெண்டோ கன்சோலான கேம்கியூபின் பழைய கன்ட்ரோலரைத்தான் தேடிச் செருகினார்கள். கன்சோல் என்னவோ 10 கோடிக்கு மேல் விற்றது.

என்னை மாற்றியது ரெசிடென்ட் ஈவில் 4 என்ற சுடும் கேம். குச்சியைத் தள்ளித் தள்ளிக் குறிபார்த்த இடத்தில், விரலை நீட்டுவது போல ரிமோட்டை நீட்டினால் போதும், குறி அங்கே நிற்கும். இடக்கையில் ரிமோட்டைப் பிடித்து நான் சுட்ட மாதிரி அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் இல்லை.

அதற்கும் ஒருநாள் சோதனை வந்தது. டிவி மேல் வைக்கும் சென்சார் பாரின் ஒயரை எலி கடித்துவிட்டது. பெயர்தான் சென்சார் பார், அது எதையும் உணர்வதில்லை. இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அதைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. அப்படியென்றால் வெறும் நெருப்பு போதுமே என்று, கார்த்திகைக்கு வாங்கியதில் மிஞ்சிய அகல் இரண்டை எடுத்து, எண்ணெய் ஊற்றி, டிவி ஸ்டாண்டில் ஒரு சாண் இடைவெளியில் ஏற்றினேன். சுடர் ஆடினால் திரையில் குறியும் ஆடியது. அதனால் ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சென்னை வெயிலில் பனியன் தொப்பலாக நனைந்தபடி, சங்கிலி ரம்பக்காரன் தலைக்குக் குறிவைத்து நிற்கிறேன். குறி கல்லாக நிற்கிறது.

அம்மா உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரண்ட் இருக்கறப்போ என்னடா இது, இருட்டுல புழுங்கிக்கிட்டு" என்று ஃபேனைப் போட்டார்.