ஓபி சீட்டும் ஆச்சி மூஞ்சியும்

ஜூன் 17, 2025, செவ்வாய்

கர்ப்பகால செக்கப் நாள். காரைக்குடி சுத்துவட்டாரத்துல இருக்குற மாசமான பொண்ணுங்க பாதி பேரு எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் நிக்கிற மாதிரி இருந்துச்சு, அதோட எப்பவும் வர்ற சுகர், பிரஷர் கூட்டம் வேற. ரெண்டாவது டாக்டர் சீட் பிப்ரவரிலருந்து காலி. மதியம் ரெண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸத் திறந்தா இடியப்பம் வெறச்சுப் போய்க் கெடக்கு. இதெல்லாம் பழகிருச்சு.

பழகாதது என்னன்னா, கண்டனூர் ஆச்சி கேட்டது. "ஏத்தா, எம் மூஞ்சியவே பாக்காம எழுதுறியே, வந்துருக்கது நாந்தான்னு உனக்கு எப்புடித் தெரியும்?" சிரிச்சு சமாளிச்சுட்டேன். ஆனா அடுத்த நிமிஷமே சிஸ்டர்ட்ட, "அந்த பிபி 180ஐ பெஞ்சுல உக்கார வைங்க"ங்குறேன். நாலு வருஷமா எனக்கு மாவடு கொண்டாந்து குடுக்குற ஆச்சி அது.

ஜூன் 19

தூக்கம் வரல. பர்ன்அவுட்ட, அதாவது வேலையாலயே ஆளு ஓஞ்சு போறத, அளக்குற மாஸ்லாக் கேள்வித்தாள எடுத்து எனக்கு நானே போட்டுப் பாத்தேன். 1981ல வந்தது, 22 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 6 வரைக்கும், 0ன்னா ஒருநாளும் இல்ல, 6ன்னா தினமும். மூணு பாகம்: மனசு வத்திப்போறது, எதிர்ல இருக்குற ஆள ஆளா பாக்காம போறது, செஞ்ச வேலைல கெடைக்கிற நெறவு. மூணையும் கூட்டி ஒரே மார்க்கா போடக் கூடாது, தனித்தனியாத்தான் பாக்கணும். மொத பாகத்துல நான் ரொம்ப மோசம், சரி, நைட் டியூட்டி மேல பழி போட்டுக்கலாம். ரெண்டாவதுலதான் ஆச்சி வந்து நின்னாங்க. வேடிக்கை என்னன்னா மூணாவதுல நான் நல்லாவே இருக்கேன், இந்த வேலை எனக்கு இன்னும் புடிச்சிருக்கு! புடிச்சவங்களுக்கு பர்ன்அவுட் வராதுன்னு யாரு சொன்னா.

2019ல உலக சுகாதார நிறுவனம் இத வியாதிகளோட உலகப் பட்டியலான ஐசிடி-11ல சேத்தப்ப, இது வியாதி இல்ல, வேலையால வர்ற ஒரு நெலமைன்னுதான் சொல்லுச்சு. அப்ப லீவ் லெட்டர்ல என்னன்னு எழுதுறது, வயித்துப்போக்குன்னுதான்.

ஜூன் 22, ஞாயிறு

தேவகோட்டைல சொந்தக்காரங்க கல்யாணம். வெள்ளைப் பணியாரத்தப் பிச்சு வாயில வைக்கல, மூணு பேரு ஃபோன்ல ரிப்போர்ட்ட நீட்டுறாங்க. ஒருத்தருக்கு தைராய்டு.

ஜூன் 26

ஆத்தங்குடிலருந்து டைல்ஸ் வேலை செய்றவரு ஒருத்தர், ரெண்டு கையும் வெடிச்சு ரத்தம் கசியுது, சிமெண்ட் அலர்ஜி. கொஞ்ச நாளைக்கு ஈர சிமெண்ட்ல கை வைக்காதீங்க, கையுறை போடுங்கண்ணேன்னேன். "கையுறை போட்டா கலர் ஊத்துற பக்குவம் தெரியாதும்மா"ன்னு ஆரம்பிச்சவரு, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறது, அப்புறம் சிமெண்டு மணல் போடுறது, தண்ணித் தொட்டில ஊற வைக்கிறதுன்னு அந்தக் கையாலயே காத்துல செஞ்சு காட்டுறாரு. வெளிய இன்னும் நாப்பது பேரு. ஆனா நான் பேனாவ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன், எத்தன நிமிஷம்னு தெரியல. களிம்பும் மாத்திரையும் எழுதிக் குடுத்தேன். கையுறை போடப் போறதில்லன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்னிக்கு சாயங்காலம் தலைவலி இல்ல.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர்ஸ் டே. டாக்டர் பி.சி.ராய் நெனவாத்தான் இந்த நாள்; அவரு பொறந்தது 1882 ஜூலை 1, செத்தது 1962ல அதே தேதி. காலைலருந்து வாட்ஸ்அப் குரூப்ல ரோஜாப்பூவும் கும்புடுற கையுமா வந்து குமியுது. அதுக்குக் கீழயே இன்னொரு மெசேஜ்: பெண்டிங் என்ட்ரி எல்லாம் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஏத்தியாகணும்.

இன்னிக்கு ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லிக் கூப்ட்டு, மூஞ்சியப் பாத்துப் பேசித்தான் எழுதுறதுன்னு வச்சிருந்தேன். பதினொன்றரைக்கு சிஸ்டர் உள்ள வந்து, "மேடம், நீங்க இப்புடிக் கதை கேட்டுக்கிட்டு இருந்தா எப்புடி, வெளிய லைன் ரோட்டுக்குப் போயிருச்சு, நெறமாசப் பொண்ணுங்க வெயில்ல நிக்குது"ன்னாங்க. அவங்க சொல்றதும் சரிதான். மறுபடி குனிஞ்சுட்டேன். ஓபி முடிய மூணேகால். என்ட்ரி இன்னும் பாதி கூட ஏத்தல, நாளைக்கு தடுப்பூசி நாள் வேற.