ஒன்பதாம் அடுக்கிலிருந்து வெம்ப்ளிக்கு
இன்று மறுபடியும் சவுத் ஷீல்ட்ஸ் கால்பந்து அணியின் 2016-17 பருவத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நிறைகிறது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோர ஊர் அது. அணி ஆடியது நார்தர்ன் லீக்கில், அதாவது கால்பந்து ஏணியின் ஒன்பதாம் படியில். அந்தப் படியில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், மாலையில்தான் பயிற்சி. 2013 முதல் இரண்டு ஆண்டுகள் சொந்த மைதானமே இல்லாமல், பீட்டர்லீ என்ற வேற்றூரில் போய் ஆடினார்கள். வீடிழந்தவர் உறவினர் திண்ணையில் படுத்துக்கொள்வது போலத்தான் அதுவும்! 2015இல் தங்கள் ஊர் மைதானமான மரைனர்ஸ் பார்க்குக்குத் திரும்பினார்கள்.

2016-17 பருவத்தில் தொடர்ச்சியாக 32 வெற்றிகள். லீக் பட்டம், லீக் கோப்பை, டர்ஹம் சேலஞ்ச் கோப்பை, கடைசியாக லண்டனின் தேசிய மைதானமான வெம்ப்ளியில், கீழ்ப்படி அணிகளுக்கான நாடளாவிய கோப்பையான எஃப்.ஏ. வாஸ். ஒரே பருவத்தில் நான்கு!

எனக்குப் பிடித்தது ஹூலியோ ஆர்க்காவின் கதை. 2001இல் அர்ஜென்டினா அணியில் ஆடி இளையோர் உலகக் கோப்பையை வென்றவர். சண்டர்லண்ட், மிடில்ஸ்பரோ ஆகிய பெரிய தொழில்முறை அணிகளிலும் ஆடியவர். கால்விரல் காயத்தால் தொழில்முறை ஆட்டத்தை விட்டபின், நண்பர்களோடு பொழுதுபோக்கு ஆட்டமான ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். அவர்தான் இந்த அணியின் கேப்டன்.

2017 மே 21, வாஸ் இறுதி ஆட்டம். எதிரணி கிளீதார்ப்ஸ் டவுன். முதல் பாதி முடியும் தறுவாயில் சவுத் ஷீல்ட்ஸின் ஃபின்னிகன் பெனால்டியை வலைக்குள் அடித்தார். பிறகு நெடுநேரம் கோலே இல்லை. இறுதிக் கட்டத்தில் மோர்ஸ் ஒன்று, ஃபோலி இரண்டு. 4-0. கோப்பையை உயர்த்தியவர் ஆர்க்கா.