பாழ்வளவு என்றொரு குடும்பப்பெயர்

நோர்வே கால்பந்தாட்ட அணியின் தலைவர் மார்ட்டின் ஓடெகோரைத் தெரியாத பிள்ளைகள் இங்கே இல்லை. அவருடைய குடும்பப்பெயரை எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ‘பாழ்வளவு’ என்றுதான் சொல்லவேண்டும். குடியிருந்தவர்கள் இல்லாமல் போன காணி. நான் மயிலிட்டியில் பிறந்தவன். 1990 ஜூனில் ஊர் முழுவதும் இடம்பெயர, எங்கள் வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. அதனால் இந்தப் பெயர் எங்கே முளைத்தது என்று தேடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

1349இல் கறுப்புச் சாவு எனப்படும் கொள்ளைநோய் நோர்வேக்குள் புகுந்தது. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டிருப்பார்கள் என்று கருதப்படுகிறது. எத்தனையோ பண்ணைகள் உழுவாரின்றிக் காடாகிப் போயின. இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழிந்து சனத்தொகை பெருகியபோது, காணியில்லாதவர்கள் அங்கே போய்க் காடு வெட்டினார்கள். பழைய பெயரைச் சொல்லப் பல இடங்களில் ஆளில்லை. ‘அந்தப் பாழ்வளவு’ என்று அயலார் சுட்டியதே பண்ணைக்குப் பெயராயிற்று. குடியேறியவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பாழை வயலாக்கியவர்கள் வழிவழியாகத் தாங்கிவந்த பெயர். இதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு.

இதை முதலில் எனக்கு விளங்கப்படுத்தியவர், நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையொன்றில் என் பக்கத்தில் நின்று கொட் மீன் வெட்டிய ஓர் அம்மா. குன்ஹில்ட் என்பது அவர் பெயர். பழைய நோர்ஸ் மொழியில் அதன் இரு பாதிக்கும் போர் என்றே பொருள். அவ்வளவு சாந்தமான மனிதரை நான் கண்டதில்லை. அவருடைய பாட்டனார் காலத்தில் முதலில் சொந்தப் பெயர், பிறகு தகப்பன் பெயரோடு ‘சென்’ (மகன்) அல்லது ‘தத்தர்’ (மகள்), கடைசியில் வாழும் பண்ணை. பண்ணை மாறினால் கடைசிப் பெயரும் மாறும். குடும்பத்துக்கு ஒரே பெயர் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டந்தான் கட்டாயமாக்கியது.

வந்த புதிதில் படிவத்தில் எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னே எழுதினேன். இங்கே முன்னால் நிற்பதே ஆளின் பெயர். தொழிற்சாலை முழுவதும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டது. வீட்டில் அம்மா ஒருநாளும் வாய்திறந்து சொல்லாத பெயர் அது! என் சொந்தப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது.

இப்போதைய சட்டப்படி, 200 பேருக்கு மேல் வைத்திருக்கும் குடும்பப்பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதைவிட அரிய பெயரென்றால் வைத்திருப்பவர்களின் சம்மதம் வேண்டும். எவரிடமும் இல்லாத புதுப்பெயரையும் பதியலாம். மூத்த மகள் ‘மயிலிட்டி’ என்று பதியப்போவதாகச் சொல்கிறாள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பிறகு என்னோடு வந்து ஊரைப் பார்த்தவள் அவள். எனக்கு முழுச் சம்மதம். பிள்ளையிடமிருந்து என் பெயர் போய்விடுமே என்று மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. அதை நடுப்பெயராக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அவருக்கு அதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.