கொஸ்லந்தைச் சரிவில் ஒரு மழைப் போத்தல்

ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதம் பட்டிப்பொலையைத் தாண்டிச் சுரங்கத்தைக் கடந்ததும் வழக்கமாக வானம் மாறிவிடும். அந்தப் பக்கம் மூடுபனியாக இருந்தால் இந்தப் பக்கம் ஊவாவின் வெயில் இருக்கும். 2024 ஒக்டோபர் முதல் வாரத்தில் நான் போன அன்று இரண்டு பக்கமும் மழை. என் மடியிலிருந்த பையில் எட்டு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்களும் அடிமட்டங்களும் கொப்பிகளும் இருந்தன.

நான் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். மூன்று வருடங்களாகத் தோட்டம் தோட்டமாகச் சென்று, தண்ணீர், மண், குடியிருப்பு ஆகியவை பற்றி மக்களோடு பேசிவருகிறேன். அப்புத்தளையில் இறங்கி, பெரகலை வழியாகக் கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினேன். கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்களை மண் மூடியது. அப்போது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர், திரும்பி வந்தபோது பெற்றோரை இழந்திருந்தார்கள். அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும், சனங்கள் அங்கேயே குடியிருந்தார்கள். போவதற்கு அவர்களுக்கென்று ஒரு துண்டுக் காணி கிடையாது. தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் புதிய வீடுகள் கிடைக்க இரண்டு வருடம் சென்றது. இதை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியாது. லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் ஒருபோதும் லயத்தில் படுத்தவர்கள் அல்லர்.

நான் தங்கிய தோட்டம் அதே மலைத்தொடரில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் நிர்வாகத்தோடு இன்னும் பேச வேண்டியிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், எழுபது வயது இருக்கும், என்னை லயத்துக்கு மேலேயிருந்த தேயிலை மலைக்குக் கூட்டிப்போனார். முழங்கால் அளவு வளர்ந்திருந்த மானாப் புல்லை விலக்கி, கையிலிருந்த தடியைக் கீழே செருகினார். தடி பாதிக்கு மேல் சேற்றுக்குள் இறங்கியது.

"இதுதான் மகள், பெரிய கான். நாங்க வேல செஞ்ச காலத்துல கான் வெட்டுறதுக்குன்னே தனியா ஆள் போடுவாங்க. இப்ப யாரு வெட்டுறா?"

கான் என்றால் மழைநீர் வடிவதற்கு மலையில் வெட்டும் வடிகால். அது திறந்திருந்தால் மழைநீர் சரிவுக்குக் குறுக்கே ஓடி ஓடையில் சேரும். தூர்ந்துபோனால் அதே நீர் மண்ணுக்குள் இறங்கி, மண்ணைப் பாரமாக்கி, அடியிலுள்ள பாறையோடு அதற்கிருக்கும் பிடிப்பைத் தளர்த்திவிடும். பெரியவருக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. லயத்துக்குத் திரும்பியதும், பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த ஒரு வெடிப்பையும், பூட்ட முடியாமல் நிலையோடு இறுகிப்போன ஒரு கதவையும், அண்மையில் புதிதாக ஊறத் தொடங்கிய ஓர் ஊற்றையும் அவரே எனக்குக் காட்டினார். மண் நகர்வதற்கான அடையாளங்கள் என்று நான் பயிற்சியில் படித்தவை இவைதான்.

பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களும் பிள்ளைகளும் லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் கூடினார்கள். மழைமானி செய்வதற்கு இடை ஒடுங்காத, நேரான போத்தல் வேண்டும். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் அதுவே புனலாகிவிடும். அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கற்களைப் போட்டு, அவற்றுக்குச் சற்று மேலே ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூச்சியமாக வைத்து அடிமட்டத்தை ஒட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நகப்பூச்சால் மூன்று கோடுகள் போட்டாள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் புறப்படத் தயாராக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும்.

மூன்றாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "நூற்றைம்பது வந்தா எங்க போறது அக்கா?"

அவளுடைய பாடசாலை அதே சரிவின் அடியில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் இருபது பேர் படுக்கலாம். அந்த லயத்தில் மட்டும் பன்னிரண்டு குடும்பங்கள். முன்பு ஒருமுறை வெளியேறச் சொன்னபோது வந்த அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்ததாகவும், மூன்றாம் நாளே எல்லோரும் திரும்பிவிட்டதாகவும் ஓர் அக்கா சொன்னார். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் என்றிருக்கும்போது, அடுப்பை எத்தனை நாளைக்கு அணைத்துவைக்க முடியும்? வெளியேறும் நாட்களுக்குச் சம்பளம் கேட்பதும் மண்சரிவுத் தடுப்பு வேலைதான் என்று அன்றிரவு எனக்கு உறுதியாயிற்று.

அதனால் போத்தல்களோடு நிறுத்தாமல், குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினோம். கான்களை ஜனவரிக்குள் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். எச்சரிக்கை தமிழில் வர வேண்டும். வெளியேறும் நாட்களுக்குப் பேர் போட வேண்டும். மண் பரிசோதித்த இடத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியாவது உறுதிப்பத்திரத்தோடு தர வேண்டும். நான்காவது கோரிக்கையை வாசித்தபோது, இரண்டு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த ஒரு பாட்டி, "உறுதி" என்ற சொல்லை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

பெரியவர் முதலில் கையெழுத்து வைத்தார். விடிந்ததும் அந்த மாணவி போத்தலைப் பார்த்துவிட்டு வந்து, கொப்பியின் முதல் வரியில் திகதியையும் 18 மில்லிமீற்றர் என்பதையும் எழுதி, அதையே கடிதத்தின் அடியிலும் ஒருமுறை எழுதினாள். பத்து மணிக்கு அவளுடைய அம்மாவும் நானும் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினோம்.