அதே கேள்வித்தாள்தான் வேண்டும்: எமிலி டேவிஸைப் படிக்கும் நாட்கள்

ஜூன் 2

எமிலி டேவிஸைப் பற்றி ஒழுங்காகப் படித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதை உண்டாக்கியவர் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

பிறந்தது 1830, சவுத்தாம்ப்டன். அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார். பின்னாளில் வடக்கே கேட்ஸ்ஹெட் ஊர்த் திருச்சபைக்குப் பொறுப்பாளர். ஆண்பிள்ளைகளை முறையாகப் படிக்க வைத்தார்கள். அண்ணன் லெவெலின் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி வரை போனார். எமிலிக்கு வீட்டிலேயே அரைகுறைப் பாடம். மற்றபடி திருச்சபை வேலை, வீட்டு வேலை, யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது. அப்படி நோயாளிச் சகோதரர் ஒருவருக்குத் துணையாக அல்ஜியர்ஸ் போன இடத்தில்தான் பெண்ணுரிமைக்காக உழைத்த பார்பரா போடிஷோன் குடும்பத்தின் பழக்கம் கிடைத்தது. அப்பா காலமானபின் 1862-இல் அம்மாவோடு லண்டனுக்குக் குடிவந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. இதை நினைத்தாலே எனக்குத் தெம்பாக இருக்கிறது.

ஜூன் 7

இன்றைய தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. 1866 ஜூன் 7 அன்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை எமிலியும் எலிசபெத் காரெட்டும் நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய சுருள். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, இருவருக்கும் கூச்சமாகிவிட்டது. அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லி, அவருடைய கடைக்கு அடியில் சுருளை மறைத்து வைத்தார்கள். மனுவை வாங்கிக்கொள்ள நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் வந்தபிறகுதான் அது வெளியே வந்தது. மறுவருடம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்கு 73 வாக்குகள் ஆதரவு, 196 எதிர்ப்பு.

கூட வந்த எலிசபெத் காரெட், மருத்துவராவதற்கு ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருந்தவர். 1862-இல் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வைப் பெண்களுக்குத் திறக்கச் சொல்லி எமிலி ஊர் ஊராகக் கடிதம் எழுதியதும் இந்தத் தோழிக்காகத்தான். அந்த முயற்சி ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

வாக்குரிமைப் போராட்டத்திலிருந்து எமிலி சீக்கிரமே ஒதுங்கிக்கொண்டார். இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் கல்விக்கு வருகிற ஆதரவு கலைந்துவிடும் என்ற கணக்கு. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 11

இன்று படித்த பகுதியை இரண்டு தடவை படித்தேன்.

கேம்பிரிட்ஜ், பள்ளி மாணவர்களுக்கு ஊர் ஊராக ஒரு பொதுத்தேர்வு நடத்தி வந்தது. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். 1863-இல் எமிலி கேட்டுக் கேட்டு, பரீட்சார்த்தமாகப் பெண்பிள்ளைகளும் அதே தாளை எழுதிப் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கினார். தேர்வுக்கு இருந்தது ஆறே வாரம். அந்த ஆறு வாரத்தில் பள்ளி பள்ளியாக எழுதி, 83 பெண்களைத் திரட்டி டிசம்பரில் லண்டனில் உட்கார வைத்துவிட்டார்.

முடிவு வந்தது. மற்ற பாடங்களில் பரவாயில்லை. கணக்கில், மூத்த பிரிவுப் பெண்களில் பெரும்பாலானோர் தோல்வி.

வேறு யாராவது என்றால் அதை மூடி மறைத்திருப்பார்கள். இல்லை, பெண்களுக்குக் கணக்கைக் கொஞ்சம் இலகுவாக்குங்கள் என்று கேட்டிருப்பார்கள். எமிலியும் அவர் பக்கம் நின்ற ஆசிரியைகளும் அந்தத் தோல்வியையே சாட்சியாக்கினார்கள். பெண்பிள்ளைகளுக்கு யாரும் கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் காரணம், இதோ தாளே சொல்கிறது என்றார்கள். நார்த் லண்டன் கல்லூரிப் பள்ளியின் ஃபிரான்சிஸ் பஸ் தன் பள்ளியில் கணக்குப் பாடத்தையே மாற்றிப்போட்டார். 1865-இல் அந்தத் தேர்வு பெண்களுக்கு முறைப்படி திறந்தது. பள்ளிகளை விசாரித்த அரசு ஆணையத்தின் முன் அதே வருடம் எமிலியும் பஸ்ஸும் போய் சாட்சியம் சொன்னார்கள்.

எங்கள் அக்கா நினைவுக்கு வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் அப்போது காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. "பொம்பளப் புள்ளைக்கு ஜெனரல் போதும்மா, சுலபமா பாஸாயிடலாம்" என்று பள்ளியில் சொன்னார்கள், அப்பாவும் தலையாட்டினார். அவள் சுலபமாகத்தான் பாஸானாள். பி.யு.சி.யில் கணிதப் பிரிவு கேட்டபோது கதவு சாத்தியிருந்தது. சலுகை என்று கையில் கொடுத்ததுதான் அவள் வழியை அடைத்தது. எமிலிக்கு இது 1863-லேயே தெரிந்திருந்தது.

ஜூன் 18

அவருடைய பிடிவாதத்துக்கு எதிர்ப்பு எதிரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. கேம்பிரிட்ஜில் ஹென்றி சிட்விக், லிவர்பூல் பக்கம் ஆன் ஜெமைமா கிளஃப் போன்றவர்களும் பெண்கல்விக்காக உழைத்தவர்கள்தான். பெண்களுக்கென்று தனிச் சொற்பொழிவுகள், தனித் தேர்வு என்று படிப்படியாகப் போகலாம் என்பது அவர்கள் வழி. அதிலிருந்து நியூன்ஹம் கல்லூரி வளர்ந்தது.

எமிலி ஒற்றைக்காலில் நின்றார். ஆண்கள் எழுதும் அதே முதல்நிலைத் தேர்வு, அதே டிரைபாஸ் (கேம்பிரிட்ஜின் சிறப்புப் பட்டத்துக்கான தேர்வு), அதே காலக்கெடு. முதல்நிலைத் தேர்வில் லத்தீனும் கிரேக்கமும் கட்டாயம். ஆண்பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே அதில் ஊறியவர்கள். இந்தப் பெண்கள் பலர் அகரமுதல் தொடங்க வேண்டும். அந்தக் கிரேக்கக் கட்டாயமே அர்த்தமற்றது, ஆண்களுக்கும் அதை எடுத்துவிட வேண்டும் என்று சிட்விக் வாதாடினார். பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை சிட்விக் சொன்னதுதான் சரி. எமிலியின் பிடிவாதத்தால் மாணவிகள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனாலும் நான் எமிலி பக்கம்தான். தனித் தேர்வில் ஒரு பெண் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், "அது பெண்களுக்கானதுதானே" என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். அதே தாளை எழுதிவிட்டால் அப்படித் தள்ள முடியாது.

ஜூன் 19

1869 அக்டோபர் 16. ஹிச்சின் ஊரில் பென்ஸ்லோ ஹவுஸ் என்ற வாடகை வீட்டில் எமிலியின் கல்லூரி தொடங்கியது. பின்னாளில் கர்ட்டன் ஆனது இதுதான். பார்பரா போடிஷோன் 1,000 பவுண்டு தருவதாக முன்வந்திருந்தார். மாணவிகள் ஐந்தே பேர். கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் ரயிலேறி வந்து பாடம் நடத்தினார்கள்.

முதலில் வந்து இறங்கிய மாணவிக்கு வாசலில் நின்று வரவேற்பு கொடுத்தவர் எமிலியே. ஆள் சின்ன உருவம். சாப்பாட்டு மேசையில் ஐந்து பேரையும் ஒரே பக்கமாக வரிசையாக உட்கார வைத்தார்களாம், பெரிய கல்லூரிகளில் நடப்பதுபோல. ஐம்பது பேர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடத்தினார்கள் என்று அந்த ஐவரில் ஒருவரான லூயிசா லம்ஸ்டன் பின்னால் எழுதினார். லம்ஸ்டனுக்கு அது எரிச்சல். எனக்கென்னவோ அந்த வரிசை பிடித்திருக்கிறது. வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எமிலி மேசை போட்டிருக்கிறார்.

ஜூன் 25

1873, கேம்பிரிட்ஜில் ஒரு ஹோட்டல் அறை. லம்ஸ்டனும் ரேச்சல் குக்கும் செவ்வியல் மொழிகளுக்கான டிரைபாஸ் எழுத வந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வாளர்கள் தனிப்பட்ட முறையில் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். கேள்வித்தாள் கொண்டுவர வேண்டிய ஆளைக் காணவில்லை. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பெண்களுக்கும் கைகால் ஓடவில்லை. எமிலி கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அந்த ஊசிகளின் சத்தம் லம்ஸ்டனுக்குப் பல வருடம் கழித்தும் மறக்கவில்லை. தாள் தாமதமாக வந்தது. இருவரும் எழுதித் தேறினார்கள். சாரா உட்ஹெட் அதே வருடம் கணிதத்தில் தேறியிருந்தார்.

அந்த அக்டோபரில் கல்லூரி கர்ட்டன் கிராமத்துக்கு மாறியது. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த செங்கல் கட்டடம், கேம்பிரிட்ஜ் ஊரிலிருந்து இரண்டு மைலுக்கு மேல். வேலை முடியாத கட்டடத்தில்தான் குடியேறினார்கள்.

ஜூலை 2

1880-இல் கர்ட்டனின் ஷார்லட் ஸ்காட் கணித டிரைபாஸில் எட்டாவது இடத்துக்குச் சமமாக வந்தார். பட்டியலில் அவர் பெயரை வாசிக்கவில்லை. எட்டாம் இடத்துக்கான ஆண் பெயர் வந்தபோது மண்டபத்தில் இருந்த மாணவர்களே "கர்ட்டனின் ஸ்காட்!" என்று கத்தினார்கள். அடுத்த வருடம் பல்கலைக்கழக வாக்கெடுப்பில் 398-க்கு 32 என்ற கணக்கில் பெண்கள் டிரைபாஸ் எழுத முறையான அனுமதி கிடைத்தது.

தேர்வுக்கு அனுமதி, பட்டத்துக்கு இல்லை. 1897-இல் பட்டம் பற்றிய வாக்கெடுப்பு: ஆதரவு 662, எதிர்ப்பு 1,713. அன்று எதிர்த்தவர்கள் தெருவில் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டுக் கொண்டாடினார்கள். படிக்கவே கொதிக்கிறது.

ஜூலை 6

எமிலி 1921 ஜூலை 13 அன்று காலமானார். 1918-இல், 88 வயதில், போய் வாக்களித்துவிட்டு வந்திருந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல்.

அடுத்து அவருடைய மாணவிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன். லம்ஸ்டன் 1877-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு முதல் தலைவியானார். ஹிச்சினில் படித்த கான்ஸ்டன்ஸ் மேனார்ட் 1882-இல் லண்டன் வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியின் முதல் தலைவி. ஸ்காட் 1885-இல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குப் போய்க் கணிதத் துறையைக் கட்டினார். முதலில் ஸ்காட்.