வாடைக்காத்துல மூணு நாள்: அரியமான்லேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும்

போடிக்காரன் ஒருத்தன், காலேஜ் காலத்துலேர்ந்து எனக்குக் கூட்டாளி. வருசத்துக்கு ஒருதடவை நான் அவன் ஊருக்குப் போவேன், ரெண்டு பேரும் பையைத் தூக்கிட்டு மலை ஏறுவோம். இந்த ஐப்பசிக்கு குரங்கணியிலேர்ந்து டாப் ஸ்டேஷன் போறதா முடிவு பண்ணி டென்ட், ஸ்டவ், ரெயின் கவர்னு எல்லாம் கட்டி வச்சாச்சு, கெளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது மலைப்பக்கம் கனமழை எச்சரிக்கை, பாதையை மூடிட்டாங்க. மூடினது நல்லது தான், மழையில அந்தச் சரிவு எப்படி வழுக்கும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா அவன் போன் பண்ணி "கட்டின பையை அவுக்க மனசே வரல மாப்ள, உங்க ஊருக்கு வந்துரவா?"ன்னான். எங்க ஊர்ல மலை ஏதுடான்னேன். காத்து இருக்குல்ல, அது போதும்னான்.

காத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உச்சிப்புளிப் பக்கம் பொறந்து வளந்தவன் நான், ஐப்பசி கார்த்திகைல வீட்டு ஓட்டை வாடைக்காத்து தட்டுற சத்தத்துல தான் தூங்கிருக்கேன். ஆனா அரியமான்லேர்ந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ஒரேயடியா நடந்தது கெடையாது, பஸ்ஸுல பைக்குல போனது தான். அதனால இது அவனுக்கு மட்டும் இல்ல, எனக்கும் புதுசு.

முதல் ராத்திரி அரியமான் பக்கத்துல தெரிஞ்சவங்க தோப்புல டென்ட் போட்டோம். தென்னைக்கு அடியில போடாம வெட்டவெளியா பாத்துத் தான் போட்டோம், காத்து நேரத்துல மட்டையும் காயும் எப்ப விழும்னு சொல்ல முடியாது. மலையில அடிக்கிற மாதிரி முளையை அடிச்சான், பத்து நிமிசத்துல ஒரு பக்கம் புடுங்கிட்டு டென்ட் பலூன் மாதிரி எந்திரிச்சுருச்சு. தோப்புக்காரர் சத்தம் கேட்டு டார்ச்சோட வந்தாரு. "ஏப்பு, மணல்ல முளை நிக்குமா? புதைக்கணும்ப்பு"ன்னு சொல்லிட்டு நாலு மட்டையை முழ நீளத்துக்கு வெட்டி, நடுவுல கயித்தைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி படுக்க வச்சு மணலை மூடி மிதிச்சாரு. கட்டை நட்டமா இல்லாம படுத்துக் கெடக்குறதால மேல இருக்கிற மணல் மொத்தமும் அதை அமுக்கிப் புடிச்சுக்குது. விடிய விடிய காத்து, டென்ட் அசையல. கடற்கரையில டென்ட் போடுறவங்க இதைக் கத்துக்கிட்டுப் போங்க, கடையில விக்கிற முளையை நம்பாதீங்க.

காலையில மண்டபம் நோக்கி வடக்குக் கரையோரமாவே நடை. காஞ்ச மணல்ல கால் பொதையும், 12 கிலோ பையோட அது மலை ஏறுறதை விட அலுப்பு, அதனால அலை நனைச்சுட்டுப் போன இறுகின மணலாப் பாத்து நடக்கணும். ஆனா அன்னைக்கு அந்த ஈர மணல்ல நடக்க விடல கடல். பாக் நீரிணைன்னா எங்க பக்கம் பெண்கடல்னு சொல்லுவாங்க, குளம் மாதிரி அமைதியா கெடக்கும்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசுவேன், அது அன்னைக்கு கலங்கின செம்மண் கலர்ல சீறிட்டு இருந்துச்சு. படகெல்லாம் நங்கூரத்துல குதிக்குது, கரையில வலை பின்னிட்டு இருந்த அண்ணன்கிட்ட கேட்டா "டோக்கன் குடுக்கல தம்பி, மூணு நாளாச்சு கடலுக்குப் போயி"ன்னாரு. டோக்கன்னா கடலுக்குப் போக மீன்வளத்துறை குடுக்குற அனுமதிச் சீட்டு. கூடவே "தெக்க போயிப் பாருங்க, அங்க எப்படிக் கெடக்குதுன்னு"ன்னும் சொன்னாரு.

மண்டபத்துல நிலம் ரொம்ப ஒடுங்கிரும். வடக்குக் கரையிலேர்ந்து ரோட்டைத் தாண்டி கொஞ்ச நேரம் நடந்தா தெற்குக் கரை, மன்னார் வளைகுடா. அதுக்குப் பேரு ஆண்கடல். அங்க போய் நின்னா அலையே இல்ல! பச்சையா, தரை தெரியுற அளவுக்குத் தெளிவா, சட்டி தண்ணி மாதிரி கெடக்கு. அதே காத்து தான் முதுகுல அடிக்குது. போடிக்காரன் அப்படியே நின்னுட்டான். அப்புறம் அவனே சொன்னான், "எங்க ஊர்ல ஆடி மாசம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளால மழை கொட்டும், இந்தப் பக்கம் எங்களுக்கு காத்தும் சாரலும் தான், அதே கணக்கு தானடா இது." கிட்டத்தட்ட அதே தான், ஆனா இங்க மறைக்க மலை இல்ல. வாடைக்காத்து வடக்கேருந்து பாக் நீரிணை முழுக்க ஓடி வர்றதால அங்க அலை எழும்ப தூரம் கெடைக்குது, தெற்குக் கரையிலயோ காத்து நிலத்துலேர்ந்து கடலுக்குப் போகுது, கரையோரத்துல அலை எழும்ப எடமே இல்ல. வைகாசி ஆனிக்கு மேல கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, ஆரம்பிச்சா எல்லாம் தலைகீழ், ஆண்கடல் சீறும் பெண்கடல் அடங்கும். அதனால தான் சீசனுக்கு ஏத்த மாதிரி படகை வடகடலுக்கும் தென்கடலுக்கும் மாத்திக் கட்டுறாங்க. சின்ன வயசுலேர்ந்து பாத்த விசயம் தான், ஆனா ஒரே மணி நேரத்துல ரெண்டு கடலையும் கால்ல நடந்து பாத்தப்ப தான் எனக்கு அது உறைச்சுது.

பாம்பன் ரோட்டுப் பாலம் ஏறினப்ப மணி மூணு இருக்கும். 1988ல தொறந்த பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். பஸ்ஸுல போறப்ப எட்டிப் பாத்து போட்டோ எடுத்தா முடிஞ்சுது, பையோட நடக்குறப்ப வேற. காத்து பக்கவாட்டுல அடிக்குது, பையோட ரெயின் கவர் பாய்மரம் மாதிரி இழுக்குது, கழட்டி உள்ள வச்சுட்டு இடுப்பு பெல்ட்டை இறுக்கிட்டு கைப்பிடிச் சுவரை விட்டு ஒரு அடி தள்ளியே நடந்தோம். கீழ தண்ணி வடக்கேருந்து தெக்க ஆறு மாதிரி ஓடுது. பக்கத்துல ரயில் பாலம், 1914ல கட்டின பழசுக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல தொறந்த புதுசு, கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேல போகும். அங்க காத்தோட வேகத்தை அளக்குற கருவி இருக்கு, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலுக்கு சிக்னல் கெடையாது. இரும்பு ரயிலுக்கே அந்தக் கணக்குன்னா நடக்குறவங்க யோசிச்சுக்கோங்க. காத்து இன்னும் ஏறினா திரும்பிரணும்னு நடுப்பாலத்துலயே பேசி வச்சுக்கிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி தங்கச்சிமடத்துல சித்தி வீடு. கணவாய் பெரட்டலும் ரசமும் சோறும், அதுக்கு மேல என்ன வேணும். சித்தி எங்க பையைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, என் கூட்டாளி "மழை வருமா சித்தி?"ன்னு கேட்டப்ப தான் 2024 நவம்பர் 20ஐ சொன்னாங்க. அன்னைக்கு பாம்பன்ல மூணு மணி நேரத்துல 19 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ராமேஸ்வரத்துல அந்த ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல. வீட்டுக்குள்ள கட்டில் உயரத்துக்குத் தண்ணி நின்ன கோடு சுவத்துல இருக்கிறதைக் காட்டினாங்க. சுண்ணாம்பு அடிச்சும் அந்தக் கோடு போகல.

மறுநாள் மழை விட்டு விட்டு. ராமேஸ்வரம் வரைக்கும் ரோட்டோரமாவே நடந்துட்டோம், பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சாயங்காலம் மட்டும் கந்தமாதன பர்வதம் ஏறினோம், கோயில்லேர்ந்து ஒரு 3 கிலோமீட்டர், ராமர் பாதம் இருக்கிற மேடு. பேரு தான் பர்வதம், மணல் மேடு தான், ஆனா இந்தத் தீவுலயே உசந்த எடம் அது தான். மாடியில நின்னா சுத்தி கடல் தெரியும். வடகிழக்குலேர்ந்து மழை ஒரு சாம்பல் துணி மாதிரி கடல் மேல நகந்து வர்றதை முழுசா பாத்தோம், முதல்ல தண்ணி கறுக்குது, அப்புறம் படகு மறையுது, அப்புறம் பனைமரம், அப்புறம் நாங்க. மலையில மேகம் நம்ம மேல வந்து உக்காந்தப்புறம் தான் தெரியும், இங்க அது வர்ற வழி முழுக்கத் தெரியுதேன்னு அவன் சொல்லிட்டே இருந்தான்.

மூணாம் நாள் தான் பெரிய நடை. ராமேஸ்வரத்துலேர்ந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டருக்கு மேல, இருட்டுறதுக்குள்ள எல்லாரும் வெளிய வந்துரணும், அங்க டென்ட் போடுற பேச்சுக்கே எடமில்ல. அதனால விடியக்காலையிலயே கெளம்பிட்டோம். கோதண்டராமர் கோயில் பக்கத்துல இருக்கிற நீர்ப்பரப்பு, அந்தத் தனுஷ்கோடிப் பகுதி 2025 ஜூன்ல பெரும்பூநாரை சரணாலயமா அறிவிச்ச எடம், பூநாரை பாக்கணும்னு அவனுக்கு ரொம்ப ஆசை, ஆனா நாங்க போனப்ப ஒண்ணுகூட கண்ல படல. ஆலா, உள்ளான்னு வேற பறவைங்க தான்.

அதுக்கு அப்புறம் ரோடு நேரா, ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க மரம் கெடையாது. இடது பக்கம் சீறுது, வலது பக்கம் சும்மா கெடக்கு. பன்னெண்டு மணி வாக்குல கடல் மேல மின்னல். மின்னி சத்தம் வர்ற வரைக்கும் எண்ணினோம், மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர், முதல்ல முப்பது வந்துச்சு, அப்புறம் பதினெட்டு, அப்புறம் பன்னெண்டு. இவ்ளோ தட்டையான எடத்துல உசரமான பொருள் நாம தான், அது தான் ஆபத்து. கம்பியை எல்லாம் பைக்குள்ள போட்டுட்டு வேகமா பழைய ஊருக்குள்ள போனோம்.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல்ல போன ஊர். பாம்பன்லேர்ந்து வந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் ஆளுங்களோட மொத்தமா அடிச்சுட்டுப் போச்சு, சர்ச், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இன்னைக்கும் இடிஞ்ச சுவரா நிக்குது. இதைப் பேய் நகரம்னு போடுறவங்களைப் பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வரும். அங்க ஆளுங்க இருக்காங்க. கரைவலை இழுக்குறாங்க, புள்ளைங்க ஓடுது, நாங்க மழைக்கு ஒதுங்கினது அப்படி ஒரு ஓலைக் குடிசையில தான், சோலார் லைட்டு ஒண்ணு தொங்குச்சு, மீன் பொரிச்சு விக்கிற அப்பத்தா ஒருத்தங்க கூப்பிட்டு உக்கார வச்சாங்க.

எங்க பாட்டில்ல தண்ணி காலி. அப்பத்தா மழை கொறைஞ்சதும் குடத்தை எடுத்துட்டு பின்னாடி கூட்டிட்டுப் போனாங்க. மணல்ல ஒரு குழி, ஆள் கை ஆழம் தான், அடியில தெளிஞ்ச தண்ணி ஊறிட்டு இருக்கு. கொட்டாங்குச்சியில மோந்து குடுத்தாங்க. இனிப்புத் தண்ணி! நாலு எட்டு வச்சா ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நல்ல தண்ணி. மழைத்தண்ணி மணல்ல எறங்கி, உப்புத்தண்ணியை விட லேசா இருக்கிறதால அதுக்கு மேல மெதந்துட்டு நிக்குது. "ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிரும் சாமி, மேலாப்புல தான் மோக்கணும்"னாங்க அப்பத்தா. குழியைச் சுத்தி சின்னக் கல்லா அடுக்கி, ஓலையை மூடி, அவ்வளவு பக்குவமா வச்சிருக்காங்க. மலை ஓடைத் தண்ணி மட்டுமே நல்ல தண்ணின்னு நெனச்சவன் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சான்.

புயல்ல அப்பத்தாவுக்கு ஏழு வயசாம். அதைப் பத்தி நாங்க கேக்கல, அவங்களா சொன்னது இவ்வளவு தான்: "வாடை அடிச்சுக்கிட்டே கெடந்தா பயமில்ல. சட்டுனு நின்னு, வேற பக்கமிருந்து திரும்புச்சுன்னா பொட்டி சட்டியப் பாக்காமக் கெளம்பிரணும்." சொல்லிட்டு வாசல்ல போய் நின்னு முகத்தை வடக்கே காட்டி ஒரு நிமிசம் பாத்துட்டு வந்தாங்க. நாங்க இருந்த ரெண்டு மணி நேரத்துல நாலு தடவை அப்படிப் போய் நின்னிருப்பாங்க.

மின்னல் விலகினதும் அரிச்சல்முனை போய்ச் சேந்தோம், மணி நாலரை. ரெண்டு கடலும் சேர்ற எடத்துல தூண் பக்கத்துல எங்களையும் சேத்து பத்துப் பேர் இருந்தா அதிகம். திரும்பி நடக்க நேரமும் இல்ல, காலும் இல்ல, கடைசி டவுன் பஸ்ஸுல ஏறிட்டோம். செக்போஸ்ட் தாண்டுறதுக்குள்ள மழை மறுபடி புடிச்சுருச்சு. வலது பக்க ஜன்னல் பூராவும் தண்ணி அடிக்குது, சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு, மீன் கூடையோட இருந்த அக்காமாருங்க, டூரிஸ்ட்டுங்க, நாங்க எல்லாரும் இடது பக்கமா நெருக்கி உக்காந்துக்கிட்டோம். அந்தப் பக்க ஜன்னல் கண்ணாடியில ஒரு சொட்டு இல்ல.